றொட்வைலரும் எமது வீடும்

ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் வாழும் வாசகர் ஒருவரின் கடிதம் இரு வாரங்களாக எமது மேசையில் கிடக்கிறது. அவரது பதினேழு வயது மகன் றொட்வைலர் இனத்து நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்று பிடிவாதமாக நிற்கிறான். வீட்டில் ஆறு வயதில் ஒரு பெண்பிள்ளையும் உண்டு. இந்த இனத்தைப் பற்றிக் கேள்விப்படுவதெல்லாம் பயங்கரமாக இருக்கிறது என்கிறார் தந்தை. நாயில் பிழையில்லை, வளர்ப்பவரில்தான் பிழை என்கிறான் மகன். இருவரில் யார் சொல்வது சரியென்று எம்மிடம் கேட்டிருக்கிறார்கள்.

புகலிட வழக்குகளும் திருப்பியனுப்பப்படும் அச்சமும் பேசப்படும் இப்பத்தியில் நாய் வளர்ப்புக்கு என்ன இடம் என்று சில வாசகர் முகஞ்சுளிக்கக்கூடும். நாமும் முதலில் அவ்வாறே எண்ணிக் கடிதத்தை ஒதுக்கி வைத்தோம். மீண்டும் எடுத்து வாசித்தபோதுதான், ஒரு குழந்தையின் உயிரும், ஒரு குடும்பத்தின் சட்டநிலையும், இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவனின் மனமும் அச்சிறு கேள்விக்குள் அடங்கியிருப்பது புலப்பட்டது. இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய கேள்வியுமன்று. சூரிச்சிலும் பாரிஸிலும் எம்மவர் பிள்ளைகள் இதே நாயைக் கேட்கிறார்கள்.

முதலில் அந்த நாயைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். தென்மேற்கு ஜேர்மனியில், நெக்கார் ஆற்றங்கரையில், உரோமர் காலந்தொட்டே மக்கள் குடியிருந்த றொட்வைல் என்னும் பழைய நகரமே அதற்குப் பெயர் தந்தது. கால்நடை வியாபாரம் செழித்த அந்நகரின் இறைச்சிக்கடைக்காரர்கள், மாடுகளை ஓட்டிச் செல்லவும், வண்டி இழுக்கவும், கடையைக் காக்கவும் இந்நாயை வளர்த்தார்கள். இறைச்சிக்கடைக்காரரின் நாய் என்றே அது அழைக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் புகையிரதம் வந்து மாடுகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியதும் நாய்க்கு வேலை இல்லாமற் போயிற்று. இனமே அருகிப் போகும் நிலை வந்தது. 1910இல் பொலிஸ் சேவைக்கு உகந்த நாயாக அங்கீகாரம் கிடைத்த பின்னரே மீண்டும் பெருகியது. 1921இல் அதன் இனப்பெருக்கத்தைக் கண்காணிக்கும் ஜேர்மன் சங்கமும் உருவாயிற்று. இருந்த தொழில் பறிபோய், சீருடைக்காரரின் தயவில் வேறு தொழில் பழகிப் பிழைத்துக்கொண்ட இந்நாயின் வரலாறு, வந்த நாட்டில் அனுமதிப்பத்திரத்துக்காகக் காத்திருந்து புதுத்தொழில் பழகிய எம்மவருக்கு அத்தனை அந்நியமானதன்று.

வளர்ந்த ஆண் நாயின் தோள் உயரம் 61 முதல் 68 சென்ரிமீற்றர். நிறை 50 கிலோ அளவில் இருக்கும். பெண் நாய் இதிலும் சிறிது குறைவு. மாட்டை உடம்பால் முட்டித் தள்ளி நகர்த்திய பரம்பரை இது. ஆகவே, விளையாட்டிலும் முட்டும், சாயும், தள்ளும். எசமானின் ஆணை வருமுன்னரே தானாக முடிவெடுக்கவும், புதியவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கவும் பழக்கப்பட்டது. அதேவேளை, அமைதியும் குழந்தைகள் மீது பிரியமும் பணிவும் இதன் அடிப்படை இயல்புகள் என்று இனத்துக்குரிய அதிகாரபூர்வ வரைவிலக்கணமே கூறுகிறது. நல்ல முறையில் வளர்க்கப்பட்ட றொட்வைலரை அருகிலிருந்து பார்த்தவர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

அவ்வாறாயின் பயங்கரப் பெயர் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி திரைப்படத்திலிருந்து வந்தது. 1976இல் வெளியான 'த ஓமன்' என்னும் படம் இந்நாயைச் சாத்தானின் காவலாளியாகக் காட்டியது. 1985இல் வந்த 'குட் டோக், கார்ல்' என்னும் சிறுவர் படநூலோ, தாய் வெளியே சென்றபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாதியாக அதே நாயைக் காட்டியது. இரண்டும் கற்பனையே. ஆயினும், இரண்டாவது கற்பனைதான் ஆபத்துக் கூடியதென்பது எமது எண்ணம். சாத்தானின் நாயோடு எவரும் பிள்ளையைத் தனியே விட்டுச் செல்வதில்லை.

மறுபகுதி புள்ளிவிபரங்களிலிருந்து வந்தது. விரிவுரை மண்டபத்தை விட்டு வந்து ஆண்டுகள் பல ஆனபோதிலும், எண்களைக் கண்டால் நின்று விசாரிக்கும் பழக்கம் எம்மை விட்டுப் போகவில்லை. வாசகர் பொறுத்தருள்க. அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரையான இருபது ஆண்டுகளில் நாய்க்கடியால் மாண்டோர் பற்றிய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஆராயப்பட்ட 238 மரணங்களில் குறைந்தது 25 இனங்கள் சம்பந்தப்பட்டிருந்தன. ஆனால், பிற்புல் வகை நாய்களும் றொட்வைலரும் மட்டுமே பாதிக்கும் மேற்பட்ட மரணங்களுக்குக் காரணமாயிருந்தன. தந்தையின் பக்கத்துக்கு இது வலுச் சேர்க்கிறது. ஆயினும், ஒவ்வோர் இனத்திலும் எத்தனை நாய்கள் இருந்தன என்ற நம்பகமான கணக்கு இல்லாதபடியால், எந்த இனம் எத்தனை மடங்கு ஆபத்தானது என்று கூற இயலாதென அவ்வாய்வாளரே எச்சரித்தனர். 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான இன்னோர் ஆய்வு 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்போரிடம் விபரம் திரட்டியது. நாய்க்கு நாய் காணப்படும் குணவேறுபாட்டில் ஏறத்தாழ 9 சதவீதத்தையே இனத்தைக் கொண்டு விளக்கலாம் என்பது அதன் முடிவு. இது மகனின் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒரு நாய் கடிக்குமா கடிக்காதா என்பதை இனத்தின் பெயர் எமக்குச் சொல்லாது. கடித்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அது தெளிவாகச் சொல்லும். ஐந்து கிலோ நாய் பொறுமையிழந்தால் பிள்ளையின் கையில் இரண்டு தையல் போட நேரும். ஐம்பது கிலோ நாய் பொறுமையிழந்தால் அதே வீட்டில் மரண அறிவித்தல் எழுத நேரலாம். பிழை இரண்டு வீட்டிலும் ஒன்றே. சிறிய நாய் அதனை மன்னித்துவிடுகிறது.

2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில், ஹம்பேர்க் நகரின் வில்ஹெல்ம்ஸ்பேர்க் பகுதியில், பாடசாலை மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுத் துருக்கியச் சிறுவனை இரு சண்டை நாய்கள் கடித்துக் கொன்றன. வெளிநாட்டுத் தொழிலாளர் செறிந்து வாழும் இடம் அது. எமது பிள்ளைகளும் அப்படிப்பட்ட மைதானங்களிலேயே விளையாடுகிறார்கள். 2005 டிசம்பர் 1ஆம் திகதி, சூரிச் மாநிலத்தின் ஒபர்கிளாற் என்னும் ஊரில், பாலர் பாடசாலைக்கு நடந்து சென்ற ஆறு வயதுச் சிறுவன் மூன்று பிற்புல் நாய்களால் கொல்லப்பட்டான். இவை றொட்வைலர் செய்த கொலைகள் அல்ல. எனினும், இம்மரணங்களுக்குப் பின் எழுந்த சட்டங்கள் பலவற்றின் வலைக்குள் றொட்வைலரும் அகப்பட்டுக்கொண்டது.

அச்சட்டங்கள் நாட்டுக்கு நாடு மட்டுமன்றி மாநிலத்துக்கு மாநிலமும் மாறுபடுகின்றன என்பதை எம்மவர் பலர் அறியார். பிரான்ஸில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி றொட்வைலர் இரண்டாம் வகையைச் சேர்ந்த காவல் நாய். வளர்க்கலாம். ஆனால் 2008 முதல் நகரசபையின் அனுமதிப்பத்திரமும், வளர்ப்பவருக்குப் பயிற்சிச் சான்றும், நாய்க்குக் குணநலப் பரிசோதனையும் வேண்டும். பொது இடத்தில் வாய்க்கட்டும் கயிறும் கட்டாயம். சூரிச் மாநிலம், 2024இல் நிகழ்ந்த கடிச் சம்பவங்களை அடுத்து, 2025 சனவரி 1 முதல் றொட்வைலரைப் புதிதாக வாங்குவதையே தடைசெய்துவிட்டது. ஏற்கெனவே வைத்திருந்தோர் தனி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. ஜேர்மனியின் நீடர்சாக்சன் மாநிலமோ நேரெதிர் வழியிற் சென்றது. அங்கு 2003 முதல் இனப்பட்டியலே இல்லை. பதிலாக, 2013 முதல் எந்த நாயை வாங்கும் புதியவரும் எழுத்திலும் செயலிலும் பரீட்சை எழுதித் தேற வேண்டும். எமக்கு இம்மாநிலத்தின் வழியே நியாயமாகப் படுகிறது. ஆனால் எமது விருப்பத்தைக் கேட்டு எவரும் சட்டம் இயற்றுவதில்லை. கடிதம் எழுதிய வாசகர் வாழ்வது நோட்றைன்-வெஸ்ற்பாலன் மாநிலத்தில். அம்மாநிலத்துக்கு 2002 முதல் வேறு சட்டம் இருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

நாயோடு எமக்குள்ள உறவு எத்தகையது என்பதையும் இங்கு மறைக்காமற் பேச வேண்டும். ஊரில் எம்மிடம் நாய் இருந்தது. ஆனால் அது முற்றத்து நாய். படலைக்கும் விறாந்தைக்கும் இடைப்பட்ட நிலமே அதன் இராச்சியம். படியேறி வீட்டுக்குள் வந்தால் விளக்குமாறு காத்திருக்கும். மிஞ்சிய சோறும் மீன் முள்ளும் அதன் சாப்பாடு. அதனை எவரும் கயிற்றிற் கட்டி உலாவக் கூட்டிச் சென்றதில்லை. அது தானே ஊர் சுற்றி வந்து, தானே நண்பரையும் பகைவரையும் தேடிக்கொண்டது. வைரவர் கோயிலில் அவரது வாகனத்துக்குப் பூ வைத்துக் கும்பிட்ட நாம், திரும்பி வரும் வழியில் தெருநாய்க்குக் கல்லெறிந்தோம். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக வெளியேறியபோது, சனநெரிசலுக்குள் பின்னால் ஓடிவந்து, ஏதோவோர் இடத்தில் தவறிப்போன நாயின் முகம் எம்மிற் பலருக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்பு இல்லாமலில்லை. ஆனால் அது முற்றமும் காணியும் வேலியும் உள்ள வாழ்வுக்குரிய அன்பு.

இங்கு முற்றம் இல்லை. மூன்றாம் மாடியில் அறுபது சதுர மீற்றர் வீடு இருக்கிறது. அதற்குள் சுவாமிப்படமும் சமையலறையும், பிள்ளையின் படுக்கையும் பாட்டியின் நாற்காலியும் இருக்கின்றன. நாய் வந்தால் அதுவும் அங்கேயே இருக்கும். அதற்கு வேறு இடமில்லை. ஆகவே, நாய் வளர்த்த அனுபவம் எமக்கு உண்டு என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஊரில் நாய்தான் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டது.

மகன் ஏன் பூடிலைக் கேட்காமல் றொட்வைலரைக் கேட்கிறான் என்பதைத் தந்தை அவனிடம் விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லை. நாம் சந்தித்த இளைஞர்களிடம் விசாரித்திருக்கிறோம். நாயோடு நடந்தால் எவனும் கிட்ட வரமாட்டான் என்றான் ஒருவன். 1991இல் ஹொயர்ஸ்வேர்டாவிலும் 1992இல் றொஸ்ரொக்கிலும் வெளிநாட்டவர் விடுதிகள் தாக்கப்பட்டன. 1993இல் சோலிங்கனில் துருக்கியக் குடும்பம் ஒன்றின் வீடு தீக்கிரையாயிற்று. புகையிரத நிலையங்களில் மொட்டைத்தலை இளைஞர் பிடித்திருந்த நாய்களைக் கண்டு தெருவைக் கடந்து மறுபுறம் சென்றதை, எமக்கு முன் இங்கு வந்து சேர்ந்தோர் கூறக் கேட்டிருக்கிறோம். அன்று அவர்கள் விலகிச் சென்ற அதே கயிற்றின் நுனியை இன்று அவர்களின் பிள்ளைகள் தம் கையிற் பிடிக்க விரும்புகிறார்கள். இதை வெறும் பகட்டு என்று தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. பாடசாலையிலும் பேருந்திலும் எதையோ சகித்துக்கொண்ட பிள்ளையே இவ்வாறு கேட்கிறது. ஆனால், பிறர் அஞ்சுவதற்கென வளர்க்கப்படும் நாயை இழுத்துப் பிடித்து அடக்குவதற்குப் பதிலாக உறுமவிட்டு மகிழ்வார்கள். அப்படிப் பழகிய நாய் மாலையில் வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறது. வீட்டில் தங்கை இருக்கிறாள்.

சிறு பிள்ளைகளை நாய் கடிப்பது பெரும்பாலும் தெருவில் அன்று, வீட்டிலேயே. கடிப்பதும் பிள்ளைக்கு நன்கு பழக்கமான நாயே. பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேரே இருப்பதால் காயம் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. நாய் படுத்திருக்கும்போது பிள்ளை ஓடிச்சென்று கட்டிப்பிடிக்கிறது. அது உண்ணும்போது தட்டை இழுக்கிறது. எமக்கு அணைப்பு அன்பின் அடையாளம். நாய்க்கோ அது கழுத்தில் விழுந்த பிடி. நாய் உடனே கடித்துவிடுவதில்லை. முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பை விறைத்துக்கொள்ளும், பின்னர் உறுமும். முதல் நான்கையும் எம்மவர் கவனிப்பதில்லை. ஐந்தாவதற்கு அடிக்கிறார்கள். உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். எந்த இனத்து நாயாயினும், பெரியவர் ஒருவரின் கண் பார்வையின்றிச் சிறு பிள்ளையோடு அதனை ஒரே அறையில் விடுதல் ஆகாது. கதவைத் திறந்து தபாற்காரரிடம் கையொப்பமிடச் செல்லும் இரண்டு நிமிடத்துக்கும் இது பொருந்தும்.

பயந்து வளரும் பிள்ளைகளின் நிலை வேறு. எமது உறவினரின் பிள்ளைகள் நாயைக் கண்டால் வீரிட்டு ஓடுவார்கள். ஓடுவதைத் துரத்துவது மாடு மேய்த்த பரம்பரையின் வழக்கம். பிறந்தநாள் விழாவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒன்றாக வந்திறங்கும் எமது வீடுகளில் இதனையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாய்க்குட்டியின் மனம் உருவாவது மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை. அக்காலத்தில் குழந்தை, முதியவர், குடை, சைக்கிள், தெருவோசை என எவற்றை அச்சமின்றிக் கண்டதோ அவற்றோடு பின்னர் இணங்கி வாழும். ஆகவே குட்டி எங்கு பிறந்தது என்பது முக்கியம். ஜேர்மன் சங்கத்தின் கண்காணிப்பில் இனப்பெருக்கம் செய்வோர் தாய் தந்தை நாய்களின் இடுப்பெலும்பைக் கதிர்ப்படம் எடுத்தும் குணத்தைச் சோதித்தும் பார்த்த பின்னரே குட்டி எடுக்கின்றனர். வாகனத் தரிப்பிடத்தில் காரின் பின்புறத்தைத் திறந்து, எட்டு வாரக் குட்டியென்று கூறி அரைவிலைக்கு விற்போரும் உள்ளனர். வெளிநாட்டிலிருந்து ஜேர்மனிக்குள் வரும் குட்டி, விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றிக் காத்திருக்க வேண்டிய காலத்தையும் சேர்த்துக் குறைந்தது பதினைந்து வாரம் நிரம்பியதாக இருக்க வேண்டும். எனவே, எல்லை கடந்து வந்த எட்டு வாரக் குட்டி சட்டவிரோதமாக வந்த குட்டி. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் ஒருபோதும் வாங்காதீர்கள்.

இனி வாசகரின் மாநிலச் சட்டத்துக்கு வருவோம். அங்கு றொட்வைலர் வைத்திருக்க நகரசபையின் அனுமதி வேண்டும். விண்ணப்பதாரர் பதினெட்டு வயது நிரம்பியவராக, நன்னடத்தைச் சான்றும் நாய் பற்றிய அறிவுச் சான்றும் உடையவராக இருத்தல் வேண்டும். ஆட்களுக்கு நேரும் காயத்துக்குக் குறைந்தது ஐந்து இலட்சம் யூரோவும் பிற சேதத்துக்கு இரண்டரை இலட்சம் யூரோவும் ஈடுசெய்யும் காப்புறுதி எடுக்க வேண்டும். வெளியே கயிறும் வாய்க்கட்டும் வேண்டும். நடத்தைச் சோதனையில் தேறினால் விலக்குக் கேட்கலாம். இவற்றை விட முக்கியமானது ஒன்றுண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவரும் அறிவுச் சான்று இல்லாதவரும் அந்நாயை வெளியே கூட்டிச் செல்லவே முடியாது. அதாவது, நாயைக் கேட்கும் மகனால் இன்று அதனைத் தெருவுக்குக் கொண்டுசெல்ல இயலாது. அனுமதி தந்தையின் பெயரில் இருக்கும். கடித்தால் வழக்கும் தந்தையின் பெயரில் வரும். ஜேர்மன் குடியியற் சட்டக்கோவையின் 833ஆம் பிரிவின்படி, ஆசைக்கு வளர்க்கும் பிராணி விளைவிக்கும் சேதத்துக்கு, உரிமையாளரிடம் குற்றமில்லாவிடினும் அவரே பொறுப்பு. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் விளைவித்தல் குற்றவியற் சட்டத்துக்குள்ளும் வரும். வதிவிட அனுமதியோ குடியுரிமையோ நிலுவையில் உள்ளவர் இவ்வரியை இருமுறை வாசிக்க வேண்டும். அகதி விடுதியில் உள்ளவருக்கு இக்கேள்வியே எழாது. வாடகை வீட்டில் உள்ளவர் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்திற் பெறாமல் எதையும் தொடங்கலாகாது.

இத்தனையும் கூறிய பின்னரும், றொட்வைலர் குடும்பத்துக்கு உதவாத நாய் என்று எழுத எமது பேனா மறுக்கிறது. நீடர்சாக்சனில் சிற்றூர் ஒன்றில் எமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்பது வயதுப் பெண் றொட்வைலர் ஒன்றை வைத்திருக்கிறது. இந்த இனத்துக்கு அது முதுமை. அக்கா வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அண்ணர் தினமும் அதிகாலையில் ஒரு மணித்தியாலம் அதனோடு நடக்கிறார். முதல் இரண்டு ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் நாய்ப் பாடசாலைக்குக் கூட்டிச் சென்றார்கள். கோயில் திருவிழாவுக்குச் செல்லும் நாளில் நாயை எங்கு விடுவது என்பது ஒவ்வோர் ஆண்டும் பெரிய ஆலோசனை. ஊரிலிருந்து வந்த அம்மம்மா முதல் மாதம் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டே இருந்தார். இப்போது அவர் தேவாரம் பாடும்போது நாய் வாசற்படியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். உள்ளே வருவதில்லை. வரக்கூடாதென்று ஒருவரும் அதற்கு அடித்துச் சொல்லவுமில்லை. அந்த வீட்டில் நாய்க்கென நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலமாவது செலவாகிறது என்று அண்ணர் கணக்குச் சொன்னார். அவரது முகத்தில் குறையேதும் தெரியவில்லை.

எமது வாசகரின் வீட்டில் அந்த நான்கு மணித்தியாலம் எங்கிருந்து வரும்? தந்தை உணவகச் சமையலறையில் இரவு பதினொரு மணி வரை நிற்கிறார். தாய் விடியற்காலை நான்கு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறார், மாலையில் இன்னொரு வேலை. பின்னேரம் மூன்றிலிருந்து ஏழு வரை தங்கையை மகனே பார்த்துக்கொள்கிறான் என்று கடிதம் சொல்கிறது. பெரியவர் எவரும் இல்லாத அந்த நான்கு மணித்தியாலத்துக்குள், பதினேழு வயதுப் பிள்ளையையும் ஆறு வயதுப் பிள்ளையையும், இன்னும் முதிராத ஐம்பது கிலோ நாயையும் ஒன்றாக விட எம்மால் ஆலோசனை கூற முடியாது. வளர்ப்பவரில்தான் பிழை என்று மகன் சொல்வது பெருமளவில் உண்மை. அந்த உண்மையே அவனுக்கு எதிராக நிற்கிறது. இன்றைய நிலையில் அந்த வீட்டில் வளர்ப்பவர் என்று சொல்ல எவரும் இல்லை.

ஆகவே எமது பதில்: இப்போது வேண்டாம். ஆனால் மகனின் ஆசையை அதட்டி அடக்கவும் வேண்டாம். அநேக நகரங்களில் உள்ள நாய்க் காப்பகங்கள், அங்குள்ள நாய்களை உலாவக் கூட்டிச் செல்லத் தொண்டர்களைத் தேடுகின்றன. பதினெட்டு வயதானதும் அங்கு சென்று, மழையிலும் பனியிலும் ஓராண்டு நடக்கட்டும். அறிவுச் சான்றுப் பரீட்சைக்கு இப்போதே படிக்கத் தொடங்கலாம். ஓராண்டின் பின்னும் அதே நாயைத்தான் கேட்கிறானா, அல்லது காப்பகத்தில் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் பெயரில்லா இனத்துக் கிழட்டு நாயொன்றைக் கேட்கிறானா என்று அப்போது பார்க்கலாம்.

இன்னுமொன்று. இரண்டு பக்கம் நீளும் அக்கடிதத்தில் தந்தையின் அச்சம் இருக்கிறது, மகனின் வாதம் இருக்கிறது, தங்கையின் வயது இருக்கிறது. தாய் என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நாய் வந்தால் விடியற்காலை வேலைக்குப் போகுமுன் அதற்குச் சோறு வைத்து, அறிவுச் சான்றுப் பரீட்சையும் எழுதி, அதனை வெளியே கொண்டுபோகப் போகிறவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். அடுத்த கடிதத்தை அவரிடமிருந்து எதிர்பார்க்கிறோம்.